பாடாமல் போன வசை

அத்தை புருஷன் கோபித்துக்கொண்டு படுக்காவிட்டால் எங்கள் ஊரில் அதைக் கல்யாணம் என்றே யாரும் சொல்லமாட்டார்கள். ஆகையால் தன்வந்த் கௌர் மகளின் கல்யாணத்தன்று காலையில், அவள் நாத்தனார் பிந்தரின் கணவர் ஜக்ராஜ் கயிற்றுக் கட்டிலில் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டபோது நாங்கள் நிதானமாக லட்டு பிடித்துக்கொண்டிருந்தோம்.

"மாப்பிள்ளை... ஒரு வாய் டீயாவது குடிங்க..." என்று தன்வந்த் கெஞ்சினாள்.

போர்வை அசையவில்லை. ஆனால் உள் அறையில் பிந்தர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்! அப்போதுதான் எங்கள் கைகள் நின்றன.

"என்னடி இது? மதியம் உன் அண்ணன் மகளுக்குக் கல்யாணம்டி!" என்று தன்வந்த் பதறினாள்.

"காலைல பொண்ணுங்களுக்கு வசைப்பாட்டு சொல்லிக் கொடுத்தீங்களே, கேட்டேன் அண்ணி! இன்னிக்கு வர்ற மாப்பிள்ளை வீட்டை ஒவ்வொரு பேரா இழுத்து நாறடிக்கிறீங்க. என் கல்யாணத்துல வாயைத் திறந்தீங்களா? ஏழு வயசுல அம்மாவைப் பறிகொடுத்தேன். நீங்கதான் அம்மான்னு இருந்தேன்... இவர் வீட்டாளுங்க பந்தியில காத்துக் கிடந்தாங்க. ஒரே ஒரு அடி பாடினீங்களா? 'எங்களைத் திட்டக்கூட லாயக்கில்லைன்னு நெனச்சாளா உங்க அண்ணி'ன்னு மாமியார் இருபது வருஷமா குத்துறாங்க!"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பேர் சொல்லித் திட்டிப் பாடாமல் சம்பந்தியைச் சாப்பிட வைப்பது, வந்தவர்களை வழிப்போக்கர்களாக நினைப்பதற்குச் சமம்.

"தொண்டை கட்டியிருந்துச்சு பிந்தர்..."

"ஆமா, தொண்டை! மறுநாள் உங்க அண்ணன் செத்த சேதி வந்தப்போ தெருவே அதிர அழுதீங்களே... அதே தொண்டைதானே?"

தன்வந்த் டீக் கிளாஸோடு என் பக்கம் திரும்பிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரியான என்னால் சும்மா இருக்க முடியுமா? இருபது வருஷம் ஒரு சேதியை வயிற்றுக்குள் வைத்திருந்ததே என் சக்திக்கு மீறிய காரியம்.

"மறுநாள் வரலைடி அந்தச் சேதி! உன் கல்யாணத்தன்னிக்கு விடியக்காலைல வந்துச்சு. அப்போ தெருவுக்கே என் வீட்டு போன்தான். அஸ்ஸாம் ரோட்டுல லாரி கவிழ்ந்து இவ அண்ணன் நச்சத்தர் போயிட்டான்னு நான்தான் இவகிட்ட சொன்னேன். 'வெளிய தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும்க்கா'ன்னு சத்தியம் வாங்கிட்டா. அண்ணனைப் பறிகொடுத்துட்டு உன்னைச் சிங்காரிச்சு அனுப்பினவடி... எங்கேருந்து பாடுவா?"

"அக்கா! போதும்!" என்றாள் தன்வந்த்.

பிந்தர் பெட்டியருகே அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குத் தலை பின்னும்போது உங்க கை நடுங்குச்சு அண்ணி... கேட்டதுக்கு, குளிருன்னு சொன்னீங்க..."

"குளிருதான்டி. அன்னிக்கு எவ்வளவு மூடுபனி..."

"பொய் சொல்லாதீங்க!" பிந்தர் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்ட வேகத்தில் டீ முழுவதும் என் புதுச் சல்வார் மேல்தான். இரண்டு பேரும் அழுத அழுகையில் அதை யார் கவனித்தார்கள்?

சற்று நேரத்தில் போர்வைக்குள் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இப்பவாவது... பாடலாமில்ல?" என்றது ஜக்ராஜின் குரல்.

தன்வந்த் கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டில் முன்னால் நின்றாள்.

"தலைப்பாகை பெருசு, தலைக்குள்ள தவிடு!
ஜக்ராஜைவிட எருமைக்கு..."

அதற்குமேல் குரல் வரவில்லை. பிந்தர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, தன் புருஷன் என்றும் பார்க்காமல் உரக்க எடுத்தாள்:

"...எருமைக்கு அறிவு அதிகம்!
அது பத்து லிட்டர் பால் கொடுக்கும்,
இவர் கொடுக்கிறதோ குறட்டை!"

போர்வை பறந்தது. ஜக்ராஜ் வாயெல்லாம் பல்லாக எழுந்து உட்கார்ந்து சட்டைப்பையில் செல்போனைத் துழாவினார்.

"இருங்க, இருங்க! அம்மாவுக்குப் போன் போடுறேன்... அவங்க பேரையும் சேர்த்துக்குங்க!"