கறுப்புப் பக்கத்தில் இருந்தவள்

படத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

அது தன் முகம்தான் என்று முதலில் நினைத்தாள். மழை மூட்டம் போட்ட காலை, வீட்டிலிருந்தே வேலை. மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு, ஆறிப்போன காபியை ஓரமாக நகர்த்திவிட்டு, சோதனையின்போது எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். கறுப்பாக ஒரு படம் வந்தால் திரையின் கண்ணாடியில் பார்க்கிறவள் முகம் தெரியத்தானே செய்யும்? கையால் திரையைத் துடைத்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தாள். படத்தில் இருந்தவள் சாயவில்லை.

கட்டில், நாற்காலி, அலமாரி விற்கும் ஓர் இணையக் கடையைச் சோதிப்பது அவள் வேலை. கையால் அல்ல. அவள் எழுதிவைத்த நிரல், எங்கோ குளிர்ந்த அறையில் இருக்கும் ஒரு சர்வரில் தானாகவே பிரவுசரைத் திறக்கும், தானாகவே கட்டிலைக் கூடையில் போடும், பிறகு மனம் மாறியதுபோல் எடுத்துவிடும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஸ்கிரீன்ஷாட். எங்கே பிசகியது என்று பிறகு அவள் உட்கார்ந்து பார்ப்பாள். அந்த சர்வருக்கு மானிட்டர் கிடையாது. பிரவுசர் ஓடும், ஆனால் எந்தத் திரையிலும் தெரியாது. யாரும் பார்க்காத பக்கங்களை யாரும் இல்லாத இடத்தில் படமெடுத்து அனுப்பிக்கொண்டே இருக்கும். கடையின் விளம்பர வீடியோ ஓடத் தொடங்குமுன் ஒரு கணம் பக்கம் முழுக்கக் கறுத்துப்போகும். இந்தப் படம் அந்தக் கணத்தில் எடுத்தது.

கண்ணாடியே இல்லாத இடத்தில் எதிரொளி எப்படி விழும்?

படத்தைப் பெரிதாக்கினாள். மங்கலாக, கிணற்றுத் தண்ணீருக்குள் தெரிவதுபோல் ஓர் அறை. இவள் அறை. பின்னால் சரியாகச் சாத்தாத அதே அலமாரி, அதே பச்சைத் திரைச்சீலை. நடுவில் இவள் நாற்காலியில், இவள் முகத்தோடு ஒருத்தி. தலையை அழகாக வாரியிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

இவள் தன் உதடுகளைத் தொட்டுப் பார்த்தாள். சிரிக்கவில்லை. இந்த வீட்டில் அவள் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

ஆபீஸில் பக்கத்து இருக்கைக்காரன் ஒருவன் உண்டு. ஓயாமல் பேசுவதால் எல்லோருக்கும் அவன் 'லொடலொடா'. படத்தை அவனுக்கு அனுப்பி, ஃபோனில் கூப்பிட்டாள்.

"இதுல உனக்கு ஏதாவது தெரியுதா?"

"தெரியுதேக்கா. யாரு, உங்க தங்கச்சியா? சாயல் அப்படியே இருக்கு. ஆனா ஒண்ணு, கோவிச்சுக்காதீங்க, உங்களவிட களையா இருக்காங்க."

"எனக்குத் தங்கச்சி கிடையாது."

"அப்போ யாருக்கா?"

ஃபோனை வைத்தாள். பயம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது அவளுக்கு நன்றாகப் பழகியது. நெஞ்சுக்குக் கீழே சிறிதாக ஓர் எரிச்சல், சூடாறாத கரண்டியை யாரோ உள்ளே வைத்துவிட்டுப் போனதுபோல. *களையா இருக்காங்களாம்.*

அந்த எரிச்சலால்தான் வீடு இப்படி ஆகியிருந்தது. அவள் கணவனுக்கு மருந்துக்கடையில் வேலை. அங்கே கேஷியராகச் சேர்ந்த பெண் ஒருத்தி எல்லோரையும் பார்த்துச் சிரிப்பாள், அவனையும் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவுதான் நடந்தது என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. ஒருநாள் மாலை கடைக்குப் போய், மருந்துச் சீட்டோடு நின்ற கிழவர்களுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் நடுவில், "சிரிப்புக்கும் சேர்த்துத்தான் பில் போடுவியா?" என்று கத்தினாள். அந்தப் பெண்ணை அந்த வேலைக்குச் சேர்த்துவிட்டவள் நாத்தனார் என்பதால், வீட்டுக்கு வந்து ஃபோனில் அவளையும் ஒரு பிடி பிடித்தாள். அதற்குப்பின் நாத்தனார் பேச்சை நிறுத்திக்கொண்டாள். கணவன் சண்டை போடவில்லை. அவன் மரியாதையாக மாறிவிட்டான். "தண்ணி வேணுமா?" "கதவைச் சாத்தவா?" விருந்தாளியிடம் பேசுவதுபோல் பேசினான். படுக்கையில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

மறுபடியும் சோதனையை ஓடவிட்டாள்.

கறுப்புப் பக்கம் வந்தது. இந்தமுறை அந்தப் படத்துக்காரிக்குப் பின்னால் அவள் கணவன் நின்றிருந்தான். ஒரு கை அவள் தோளில். காதருகே குனிந்து ஏதோ சொல்கிறான், அவள் கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறாள்.

சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அறை காலி. அலமாரிக்குள் பாச்சை உருண்டை வாசம், ஜன்னல் தகரத்தில் மழை சொட்டும் சத்தம். அவன் காலையிலேயே கடைக்குப் போய்விட்டிருந்தான்.

அன்று முழுக்க வேறு வேலை செய்யவில்லை. ஓடவிட்டாள், பார்த்தாள், மறுபடி ஓடவிட்டாள். ஆறுகிற புண்ணின் பொருக்கை நகத்தால் நெம்புவதுபோல், வலிக்கும் என்று தெரிந்தே நெம்பினாள். ஒன்றில் அவன் படத்துக்காரிக்கு ஆரஞ்சுச் சுளை உரித்துக் கொடுத்தான். ஒன்றில் இருவரும் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டிருந்தார்கள். கல்யாணமான புதிதில்கூட அவன் தன்னை அப்படிப் பார்த்ததாக ஞாபகமில்லை. அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் இருக்கிறது என்பதே இந்தக் கறுப்புக்குள் பார்த்துத்தான் தெரிய வேண்டியிருந்தது.

எவளோ ஒருத்தி என்றால் தலைமுடியைப் பிடித்து இழுக்கலாம். தன் தலைமுடியையே எப்படிப் பிடித்து இழுப்பது?

அடுத்த நாள் அவள் ஆபீஸுக்குப் போகவேண்டியிருந்தது. மாலையில் வீடு திரும்பியபோது படிக்கட்டிலேயே சீட்டிச் சத்தம் கேட்டது. அவன் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே சீட்டியடித்துக்கொண்டிருந்தான். காலடிச் சத்தம் கேட்டு, சோப்பு நுரைக் கையோடு, முகமெல்லாம் பல்லாகத் திரும்பினான். அவளைப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அந்தச் சிரிப்பு வடிந்து, பழைய மரியாதை வந்து உட்கார்ந்தது.

"என்னாச்சு? மதியம் நல்லாத்தானே இருந்தே?" என்றான்.

"மதியமா? மதியம் நான் ஆபீஸ்ல இருந்தேன்."

"விளையாடாதே. நீ ஃபோன் பண்ணிக் கூப்பிட்டதாலதானே சாப்பிட வந்தேன்."

"யாரு வந்திருந்தா இங்கே? உண்மையைச் சொல்லுங்க. யாரு அவ?"

அவன் குழாயை மூடினான். "மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்று மட்டும் சொன்னான்.

வீடு முழுக்கத் தேடினாள். குப்பைக்கூடையில் ஆரஞ்சுத் தோல் கிடந்தது. சீப்பில் நீளமாக ஒரு முடி. விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள், தன் முடிதான். தலையணையை முகத்தில் அழுத்தி முகர்ந்தாள். வேறொரு பெண்ணின் வாசம் வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும், அழுதிருப்பாள், பெட்டியைக் கட்டியிருப்பாள். வந்தது அவள் வாசம். அவள் சோப்பு, அவள் வியர்வை, அவள் தலைக்குப் போடும் எண்ணெய். அவளைவிடக் கொஞ்சம் கூடுதலாக அவள்.

இரண்டு நாள் கழித்து நாத்தனார் ஃபோன் செய்தாள். குரல் கரைந்திருந்தது.

"சும்மாதாம்மா கூப்பிட்டேன். நேத்து நீ அழுதியா, எனக்கும் அழுகை வந்திடுச்சு. மனசுல நான் எதையும் வெச்சுக்கலை. நீயும் விட்டுடு, என்ன?"

"நேத்து நான்... உங்ககிட்ட பேசினேனா அண்ணி?"

"அடிப்பாவி, ஒரு மணி நேரம் பேசிட்டு இப்படிக் கேக்கறியே! என் தம்பி குரல்ல எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பின்னாடி நின்னு கிண்டல் பண்ணிக்கிட்டே இருந்தானே. ரொம்ப மாறிட்டேம்மா நீ. இப்படியே இரு."

ஃபோனை வைத்தபிறகும் அதைக் காதிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். எத்தனை முறை அந்த எண்ணை எடுத்து, "மன்னிச்சிடுங்க அண்ணி" என்று சொல்ல வாய் வராமல் வைத்திருக்கிறாள்! அவளுக்குக் கிடைக்க வேண்டிய மன்னிப்பை வேறொருத்தி போய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் கணவன், அவள் உறவு, அவள் அழவேண்டிய அழுகை. எல்லாவற்றையும் அவள் செய்யவேண்டிய முறையில், அவளைவிட நன்றாகச் செய்கிறாள்.

பிடித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். கையும் களவுமாக.

மறுநாள் காலையில் வழக்கம்போல் ஆபீஸுக்குக் கிளம்பினாள். செருப்பு மாட்டும்போது அவன் வாசலுக்கு வந்தான். "லேட்டாகுமா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியில் இருந்த ஆசையை அவள் கவனித்தாள். அது அவள் சீக்கிரம் வரவேண்டும் என்ற ஆசை இல்லை.

"ஆகும்," என்றாள்.

ஆபீஸில் லொடலொடா ஏதோ ஜோக் சொல்லிக்கொண்டிருந்தான். யாரோ சிரித்தார்கள். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. உச்சி வேளை நெருங்கியதும் சோதனையை ஓடவிட்டாள். கட்டில் கூடையில் விழுந்தது, கூடை காலியானது, பக்கம் கறுத்தது.

படத்தில் அறை இருந்தது. அலமாரி, திரைச்சீலை, நாற்காலி.

நாற்காலி காலி.

"அக்கா, எங்கே போறீங்க? மீட்டிங் இருக்கு..." என்று லொடலொடா கத்தியது லிஃப்ட் கதவு மூடும்போது அறுந்தது.

வெளியே நல்ல மழை. பகல் பகல்போலவே இல்லை. தெரு விளக்குகள் இருட்டிவிட்டதாக நினைத்து எரிந்துகொண்டிருந்தன. குடையை மறந்திருந்தாள். நனைந்த துணி முதுகில் ஒட்ட, செருப்புக்குள் தண்ணீர் சளக் சளக்கென்று பேச, அவள் குடியிருந்த கட்டிடத்தின் படிகளில் ஏறினாள். சுவரெல்லாம் ஈரச் சுண்ணாம்பு வாசம். மாடி திரும்பும் இடத்திலேயே கேட்டது.

அவன் சிரிப்பு.

பிறகு ஒரு பெண் குரல் ஏதோ கதை சொல்லிக்கொண்டே போயிற்று, இடையிடையே தானே சிரித்துக்கொண்டது. அவள் குரல். சின்ன வயதில் அவள் அப்படித்தான் பேசுவாள், சொல்லி முடிக்குமுன் சிரித்துவிடுவாள். எப்போது நின்றுபோனது?

கதவு சாத்தியிருக்கவில்லை. தள்ளினாள். வராந்தாவில் அவன் செருப்பு. அதன் பக்கத்தில் இவள் வீட்டுச் செருப்பு, காலோடு கால் உரச நிற்கும் இரண்டு பேர்போல் ஒட்டி. சமையலறை காலி. ஹால் காலி. அவள் வேலை செய்யும் அறையின் கதவு பாதி திறந்திருந்தது.

இப்போதும் பயம் இரண்டாவதுதான். இன்று அவள் முடியைப் பிடித்துவிடுவேன். என் முடியானால் என்ன.

கதவைத் தள்ளினாள்.

அவர்கள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள், இவளுக்கு முதுகைக் காட்டியபடி. ஒரே பெஞ்சில், நெருக்கமாக. அவன் முதுகு தெரிந்தது. நீலச் சட்டை, காலரில் வியர்வைக் கோடு.

அவளுக்கு முதுகு இல்லை.

படங்கள் எல்லாவற்றிலும் அவள் முன்பக்கம்தான் இருந்தது. முன்பக்கம் மட்டும்தான் இருந்தது. பின்னால் வெறும் கறுப்பு. ஒரு பெண் உட்கார்ந்த அளவுக்கு, ஒரு பெண்ணின் வடிவத்தில், வீடியோ தொடங்குமுன் வருமே, அந்தக் கறுப்பு. மழை வெளிச்சம் அதன்மேல் பட்டுத் திரும்பவில்லை. உள்ளே போய்விட்டது. அதற்குள்ளிருந்துதான் குரல் வந்துகொண்டிருந்தது. கதை சொல்கிற குரல்.

அவன் அவள் தோளில் கை போட்டிருந்தான்.

கை தோளில் இல்லை. முழங்கைவரை உள்ளே போயிருந்தது.

"ஏங்க," என்றாள். சத்தமே வரவில்லை. மறுபடியும், "ஏங்க!"

"நீ அப்புறமா வாயேன்," என்றான் அவன், திரும்பாமலே. கெஞ்சலாக. "இப்பதான் கதையில முக்கியமான இடம்."

அவன் அந்தப் பக்கம் சாய்ந்தான். தோள் போயிற்று, தண்ணீரில் அமிழ்வதுபோல் ஒரு சலனமும் இல்லாமல். நீலச் சட்டை பாதி. கழுத்து. அவளுக்கும் வலிக்கவில்லை, அவனுக்கும் வலிக்கவில்லை. கதையில் ஏதோ வேடிக்கையான இடம் வந்திருக்க வேண்டும், இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அவன் சிரிப்பு பாதி வாயிலிருந்து வந்தது. மீதி உள்ளேயிருந்து.

இவள் ஓடிப்போய் அவன் இடது கையைப் பிடித்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. பலம்கொண்ட மட்டும் இழுத்தாள். அந்தக் கை அவள் பிடியிலிருந்து மெதுவாக, மரியாதையாக, ஒவ்வொரு விரலாக விடுவித்துக்கொண்டது.

கன்னம் போயிற்று. மூக்கின் ஒரு பக்கம் போயிற்று. கறுப்பின் விளிம்பில் அவன் முகத்தில் ஒரு கீற்று மட்டும் நின்றது. அதில் ஒரு கண், இவள் வாழ்நாளில் பார்த்திராத வெளிச்சத்தோடு, ஆசையாக, நனைந்து, விரியத் திறந்திருந்தது.

அந்தக் கண்ணும் இவளைப் பார்க்கவில்லை.