இடது கடைவாயின் எதிரி

காலை எட்டு மணிக்கு மாமனாரின் தட்டில் ஒரு பல் கிடந்தது. எட்டேகாலுக்கு அதைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனில் வந்து நின்றார்.

"மருமக விஷம் வைக்கிறா சார். இது மூணாவது பல்லு."

இன்ஸ்பெக்டருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மருமகள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். போன வாரம் இந்த மனிதர் அங்கேயும் போய்க் கத்தியிருக்கிறார். விஷயம் தெளிவாகும்வரை வரவேண்டாம் என்று முதலாளி அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மகனோ யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் வேலைக்கு ஓடிவிட்டான். சாப்பாட்டைச் சோதித்தாயிற்று, ஒன்றுமில்லை.

"அவ கெட்டிக்காரி. தடயம் வைக்கமாட்டா" என்றார் பெரியவர்.

இப்படிப் பேசுகிறவரிடம் எந்தச் சாட்சியைக் காட்டுவது? பொறுமை போய், மாமனாரையும் மருமகளையும் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார் இன்ஸ்பெக்டர். கேள்வி கேட்பதில் அந்த டாக்டரம்மா போலீசையே மிஞ்சுவார்.

"விழுந்த பல்லெல்லாம் எந்தப் பக்கம்?"

"இடது."

"வலது?"

"கல்லு மாதிரி இருக்கு."

"எந்தப் பக்கம் மெல்லுவீங்க?"

"ரெண்டு பக்கமும்தான்."

"வீட்டுல மத்தவங்க சாப்பாடு?"

"எல்லாருக்கும் ஒரே பாத்திரம்தான் டாக்டர்" என்றாள் மருமகள்.

"ஈறுல ரத்தம் வருமா பெரியவரே?"

"இடது பக்கம் மட்டும், நாலஞ்சு வருஷமா. அதான் அங்க பிரஷ்ஷையே வைக்கிறதில்ல. புண்ணைப் போய் யாராவது தேய்ப்பாங்களா?" சாமர்த்தியமாகச் சொல்லிவிட்ட நினைப்பில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

டாக்டர் கையுறையைக் கழற்றி வீசினார். "ஆள் கிடைச்சாச்சு."

எக்ஸ்ரேயில் இடது பக்கம் பற்களைத் தாங்கும் எலும்பு பாதி காணாமல் போயிருந்தது.

"விஷத்துக்கு இடது வலது தெரியாது. ரத்தம் வந்த இடத்தைத்தான் இன்னும் பக்குவமா தேய்ச்சிருக்கணும். நீங்க அப்படியே விட்டுட்டீங்க. அழுக்கு படிஞ்சு, ஈறுக்கு அடியில கிருமி குடிவந்துடுச்சு. அதை விரட்ட உடம்பு ரத்தத்துல படையை அனுப்புது. அதான் வீக்கம், சிவப்பு, ரத்தம் எல்லாம். கிருமியும் போகல, சண்டையும் நிக்கல. வருஷக்கணக்கா உள்ள அடிச்சுக்கிட்டா வீடு என்ன ஆகும்? அந்தச் சண்டைதான் எலும்பைக் கரைச்சுது."

"என் உடம்பே எனக்கு எதிரியா?"

"அது பாவம், காவலுக்கு வந்தது. கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டது நீங்க."

பெரியவர் நாக்கால் மிச்சப் பற்களைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "இதெல்லாமாவது தங்குமா?"

"ஆழமா சுத்தம் பண்ணணும். அப்புறம் நீங்களும் ஒழுங்கா தேய்க்கணும். காப்பாத்தப் பாக்கலாம்."

மருமகளின் முகத்தைப் பார்க்காமலே எழுந்தார். "சரி, வாம்மா, வீட்டுக்குப் போலாம்."

அவள் அசையவில்லை.

"கடைக்குப் போலாம் மாமா. அன்னிக்கு எவ்வளவு சத்தமா சொன்னீங்களோ, அவ்வளவு சத்தமா இதையும் சொல்லுங்க."

பெரியவர் உதவிக்கு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அவர் ஏற்கெனவே வெளியே போய் ஜீப்பின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார்.