துண்டுக்கடியில் பிடித்த கை

வேன் ஆஸ்பத்திரியின் முன்வாசலைத் தாண்டி, பின்கட்டுக்குப் போய் நின்றபோதே மாட்டுத் தரகர் சென்னகிருஷ்ணனுக்குக் கணக்கு உதைத்தது. நல்ல சரக்கை யாரும் பின்வாசலில் இறக்க மாட்டார்கள்.

தொண்ணூற்றைந்தாம் வருடத்து ஐப்பசி மழை. கோயமுத்தூருக்கு வெளியே பழைய தனி வார்டு ஒன்று. காய்ச்சலில் கொதித்த மனைவி ராசாத்தாளைக் கட்டிலில் கிடத்தினார்கள். தொட்டுத் தூக்கி வந்த குற்றத்துக்கு அவரையும் உள்ளே விட்டு வெளியே பூட்டினார்கள். அறையின் நடுவில், தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்ட பச்சைத் துணித் திரை. அதற்கு அந்தப் பக்கம் வெள்ளியங்கிரியின் கட்டில். அன்னூர்ச் சந்தையில் அவருக்குப் பல வருடக் கூட்டாளி. போன வாரம் இதே காய்ச்சலோடு வந்தவர்.

ராசாத்தாளின் ஈறில் ரத்தம் கசிந்தது.

"என்ன காய்ச்சலுங்க?" என்று ஜன்னல் வழியே டாக்டர் கோவிந்தராஜுலுவைக் கேட்டார்.

"ரத்தம் டெஸ்டுக்குப் போயிருக்குங்க. சொல்றோம்." டாக்டர் நிற்கவில்லை.

வாட்ச்மேன் கரீம் நின்றார். "ஆப்பிரிக்காவுல ரத்தம் கக்குற காய்ச்சலாமுங்க. பேப்பர்ல வந்துதாம். இது அதேதானாமா."

"நீங்க படிச்சீங்களா?"

"டீக்கடைக்காரன் சொன்னானுங்க."

"அவன் படிச்சானா?"

"அவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாதுங்களே."

"சரி, எங்க வெள்ளியங்கிரி எப்படி இருக்காரு?"

கரீம் குடையைச் சரிசெய்துகொண்டார். "நல்லா இருக்காருங்க."

விற்கிறவன் கண்ணைப் பார்க்காமல் பேசினால், அந்த மாட்டின் பல்லை இரண்டு தரம் எண்ண வேண்டும். ஆனால் இங்கே எண்ணுவதற்கு எதுவும் கைக்கு எட்டவில்லை.

ராசாத்தாள் முனகினாள். "ஏனுங்க, வாயில்லாத மாட்டுக்கு வயசு சொல்லிப்போடுவீங்க. எனக்கென்ன சீக்குன்னு வாயுள்ள ஒருத்தரைக் கேட்டுச் சொல்ல முடியலீங்களா? மண்டை பொளக்குது. அந்த மாத்திரையக் குடுங்க."

மடியில் ஆஸ்பிரின் பட்டை இருந்தது. எல்லா வலிக்கும் கேட்கும் என்று மருந்துக்கடையில் கொடுத்தது. கொடுத்தால் பிழைப்பாளா, போய்விடுவாளா? கதவைத் தட்டினார். யாரும் வரவில்லை.

மழையில் பொழுதோடவே இருட்டிவிட்டது. கரண்ட் போனது. பினாயில் வாடை மெல்ல அடங்கி, ஈர வைக்கோல் வாடை எழுந்தது. அதற்குள்ளே மாட்டு மூச்சின் வெதுவெதுப்பு.

திரைக்கு அடியிலிருந்து ஒரு துண்டு நீண்டது.

சந்தையில் வாய்ப்பேச்செல்லாம் வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு. நிஜ விலை துண்டுக்கடியில், விரல்களில் இருக்கிறது. வெள்ளியங்கிரி வாயால் கூசாமல் புளுகுவார்; துண்டுக்கடியில் ஒருநாளும் புளுகியதில்லை. விரலை அமுக்கினால் சரி. உள்ளங்கையை வழித்துவிட்டால் இல்லை. பதிலுக்கு நீயும் அமுக்கினால் பேரம் முடிந்தது. அப்புறம் மாடே செத்தாலும் பேச்சு மாறாது.

யாரையும் தொடாதே என்ற ஒன்றைத்தான் அந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஒரே வாயாகச் சொல்லியிருந்தார்கள்.

சென்னகிருஷ்ணன் துண்டுக்குள் கையை விட்டார்.

ஐஸாகச் சில்லிட்ட கை. கயிறு அறுத்து நுனி போன ஆட்காட்டி விரல். அவரேதான்.

"ஏப்பா, இந்த மாத்திரையக் குடுக்கட்டுமா?"

கை வழித்தது. மறுபடி வழித்தது. அவசரமாக, நகம் பட.

"குடுத்தா ரத்தம் இன்னும் போகுமா?"

அமுக்கியது.

"வெறுங்கையில ரத்தத்தைத் தொடைக்கலாமா?"

வழித்தது.

"உப்பும் சக்கரையும் கரைச்சுத் தண்ணி குடுக்கறேன்."

அமுக்கியது.

"இது அந்த ஆப்பிரிக்காச் சீக்கா?"

விரல்கள் அசையவில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட ஒரே ஆள் அந்தக் கட்டடத்தில் அவர்தான்.

மாத்திரைகள் ஜன்னல் வழியே மழைக்குள் போயின. கையில் பாலிதீன் பையைச் சுற்றிக்கொண்டு, ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர் புகட்டினார். சந்தேகம் வந்தபோதெல்லாம் துண்டுக்குள் கை விட்டார். கிழக்கு வெளுக்கும்போது ஈறில் ரத்தம் நின்றிருந்தது. ராசாத்தாள் சீராக மூச்சு விட்டுத் தூங்கினாள்.

"இவ பொழைச்சுக்குவாளா?"

கை அழுத்தி அமுக்கியது.

சந்தோஷத்தில், கைப்பழக்கத்தில், சென்னகிருஷ்ணனும் பதிலுக்கு அமுக்கினார்.

அமுக்கிய பிறகுதான் உறைத்தது. என்ன விலை என்று கேட்காமல் அவர் முடித்த முதல் பேரம் அது.

கையை இழுத்தார்.

வரவில்லை.

பூட்டுத் திறந்தது. டாக்டரும் கரீமும் வந்தார்கள். டாக்டர் கையுறையோடு ராசாத்தாளின் நாடியைப் பிடித்துப் பார்த்து முகம் மலர்ந்தார். "காய்ச்சல் எறங்கிருச்சுங்க. ஆஸ்பிரின் கிஸ்பிரின் ஏதாச்சும் குடுத்தீங்களா? குடுத்திருந்தா ஆபத்து."

"இல்லீங்க. வெள்ளியங்கிரி வேண்டாம்னாரு."

கரீம் கையிலிருந்த சாவிக்கொத்து கீழே விழுந்தது.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "அவரை முந்தாநாளே அடக்கம் பண்ணியாச்சுங்க. நீங்க பயந்துருவீங்கன்னு சொல்லலை."

அவர் திரையை ஒதுக்கினார். மெத்தை எடுத்துவிட்ட வெறும் இரும்புக் கட்டில். தரையோரம் துண்டு, அதன் கீழே, இரண்டு கைகள் கோத்த அளவுக்கு மேடு.

டாக்டர் துண்டை உருவினார்.

சென்னகிருஷ்ணனின் கை மட்டும் இருந்தது.

"ஏனுங்க, கதவு தெறந்திருக்குது," என்று கண்விழித்த ராசாத்தாள் கூப்பிட்டாள். "வாங்க, ஊட்டுக்குப் போலாம்."

"நீ முன்னால போ, அம்மணி."

அவருடைய விரல்களில், யாரோ இறுகப் பிடித்தது போல, வெளுத்த பள்ளங்கள் இருந்தன. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை இன்னும் கொஞ்சம் அமுங்கின.