கெடாமல் இருக்கப் போடுவது

காலையில் ரொட்டி வெட்டும்போது தன் விரலில் கத்தி பட்டுச் சிந்திய ரத்தம், சாயங்கால அஸர் தொழுகை முடிந்து அன்வர் பாட்சா பேக்கரிக்குத் திரும்பியபோதும் வெள்ளை டைல்ஸில் ஈரமாகவே கிடந்தது. கறுக்கவில்லை. ஓரம்கூட உலரவில்லை. கேக்கின் மேல் வைக்கும் செர்ரியைப் போலப் பளபளத்தது.

“இதைத் தொடைக்கக்கூடக் கை வரலையா?” என்று மனைவி பாசிலாவிடம் எரிந்து விழுந்தார்.

“மதியமே பாத்தேங்க. கிட்ட வந்ததும் ஒரு மாதிரி இருந்துச்சு, விட்டுட்டேன். ரத்தம் இப்பிடியா இருக்கும்?”

“அடைமழையில துணியே காயலை. இதுக்கு ஒரு மூஞ்சி சுளிப்பு!”

அவரே குனிந்து துடைத்தார். துணியிலிருந்து வெனிலா எசென்ஸ் வாடை வந்தது. பேக்கரியில் எதுதான் அந்த வாடை அடிக்காது என்று சொல்லிக்கொண்டார். ஆனால் துணியை மூக்கிலிருந்து எடுக்கச் சற்று நேரமாயிற்று.

கீரமங்கலத்தில் அவர் மதிக்கும் ஆள் என்று ஒருவரும் இல்லை. மஞ்சளாக இருந்தால் முட்டை, சிவப்பாக இருந்தால் பழம் என்று நம்பும் நாக்குகளுக்கு என்ன மரியாதை? பூசணம் பிடிக்காத பன் கேட்டார்கள். பவுடரைப் போட்டுக் கொடுத்தார். போன மாதம் பள்ளிக்கூடத்தில் நடந்த மருத்துவ முகாமில் டாக்டர் இளமதி, சாயம், பிளாஸ்டிக், கெடாமல் இருக்கப் போடும் மருந்து என்று எல்லாவற்றின் தடமும் மனுசர் ரத்தத்தில் தென்படுகிறது என்று பேசினாள். அன்வர் பாட்சா எழுந்து, “உப்புந்தான் ரத்தத்துல இருக்கு. அதுக்காக ஒப்பாரியா வைக்கிறது?” என்று கேட்டுக் கூட்டத்தையே சிரிக்க வைத்தார்.

“அது உள்ள என்னென்ன செய்யும்னு இன்னும் முழுசாத் தெரியலைங்க. அதான் பயமா இருக்கு,” என்றாள் அவள், சிரிக்காமல்.

படித்த முட்டாள் என்று அன்றைக்கே அவளை மறந்துவிட்டார். இப்போது விரலில் போட்டிருந்த கட்டைப் பிரித்துப் பார்த்தார். காயத்தின் இரு உதடுகளும் ஒட்டாமல், வலிக்காமல், வெட்டிய நொடியில் இருந்தபடியே இருந்தன. ஒவ்வொரு ஈடு பன்னையும் முதலில் கடித்துப் பார்ப்பவர் அவர்தான்.

மழையில் நனைந்தபடி ஷாநவாஸ் பைக்கை நிறுத்தினான். பள்ளிவாசல் வேலைகளைப் பார்ப்பவன்.

“அண்ணே, மையவாடிக்கு வாங்க. மீரா சாகிபு மாமு கபர் உள்வாங்கிருச்சு.”

“மண்ணை அள்ளிப் போட வேண்டியதுதானே?”

“இல்லண்ணே. நீங்க வந்து பாருங்க.”

அவன் பைக்கை விட்டு இறங்கவேயில்லை. ஜமாஅத்தில் பொறுப்பில் இருந்ததால் மறுக்க முடியவில்லை, பின்னால் ஏறிக்கொண்டார். மீரா சாகிபு, பெண்டாட்டி போன பிறகு அடுப்பே மூட்டாமல், மூன்று வேளையும் இவர் கடை டீயிலும் பன்னிலும் வருசக்கணக்காக உயிர் வளர்த்த கிழவர். சமைக்கத் துப்பில்லாத ஜென்மம் என்று அன்வர் பாட்சா அவர் காதுபடவே சொல்லியிருக்கிறார். போன கோடையில்தான் அந்த இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள்.

தென்னந்தோப்புகளில் இருட்டு முன்னதாகவே இறங்கியிருந்தது. வாய்க்கால் நிரம்பி ரோட்டில் வழிய, தவளைகள் ஓயாமல் கத்த, ஈரமண்ணும் அழுகிய மட்டையும் நாறிய அந்தக் காற்றில், மையவாடிச் சுவரை நெருங்க நெருங்க, வேறொரு வாடை மெல்லக் கலந்தது. இனிப்பான வாடை. தன் சட்டையை முகர்ந்தார். சட்டையில் இல்லை.

பத்துப் பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் அழுதுகொண்டிருந்தார்.

“நல்ல மனுசன்ணே,” என்றான் ஷாநவாஸ். “மண்ணு தொடலை பாருங்க. வாசனைகூட வருது.”

மடையர்கள். அது எந்தப் பாட்டிலின் வாசனை என்று அவருக்குத் தெரியும். சொல்ல வாய் திறந்தார். அதற்குள் யாரோ டார்ச்சை அடித்தார்கள்.

டார்ச் வெளிச்சம் குழிக்குள் விழுந்தது. மூடியிருந்த பலகை உளுத்துப் போயிருந்தது. உடலைச் சுற்றிய கஃபன் துணி நைந்து சேறாகிவிட்டது. உள்ளே இருந்தவர் அப்படியே இருந்தார். நரைத்த தாடி. மூடிய இமைகள். சிவந்த உதடு.

“புதுத் துணி போத்தணும். தலையைப் பிடிச்சுக்குங்கண்ணே.”

இறங்கினார். கால் சேற்றில் புதைந்தது. கைகளை நீட்டினார். மரக்கட்டை போல இருக்கும் என்று நினைத்தார்.

கட்டை இல்லை.

கட்டைவிரல் கன்னத்தில் அமுங்கியது. ஆழமாக. பதறிக் கையை எடுத்தார். மேலே கலிமா சொல்லும் குரல்கள் உயர்ந்தன. டார்ச்சை யாரும் அசைக்கவில்லை.

மீரா சாகிபுவின் கன்னத்தில் விழுந்த பள்ளம், அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய பன்னைப் போல, மெல்ல, மிக மெல்ல, மேலே உப்பி எழுந்தது.