சுவரில் ஒட்டிய ஒரு சென்

அந்த மஞ்சள் முடிச்சு நேராகத் தொங்க மறுத்தது.

சாமி மேடைக்கு மேலே நூலில் கட்டித் தொங்கவிட்ட துணி முடிச்சு அது. காற்றே இல்லை. ஆனாலும் சுவர்ப் பக்கம் சாய்ந்தே நின்றது. தனுஜா அதை விரலால் இழுத்து விட்டாள். ‘டக்’ என்று மறுபடி பலகைச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மதியம் இரண்டு மணிதான். மழை மூட்டத்தில் வீடே இருண்டு கிடந்தது. விளக்கின் சுடர் ஆடும்போதெல்லாம் முடிச்சின் நிழலும் நடுங்கியது.

நித்தியா அக்கா நல்லபடியாகப் படித்து முடிக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, பதினொரு பழைய ஒரு சென் காசுகளை அம்மா அதில் முடிந்து வைத்திருந்தார். காலேஜில் சேர அக்கா ஏற வேண்டிய பினாங்கு பஸ் கோலா சிலாங்கூரிலிருந்து நான்கு மணிக்கு.

“நேத்து சாயங்காலத்துலேர்ந்து இப்படி நிக்குது. சாமி புள்ளைய இழுத்துப் பிடிக்குது. நீ போக வேணாம்,” என்றார் அம்மா.

“ம்மா, நாளைக்குக் காலையில பதியலைன்னா காலேஜ்ல இடம் போயிரும்லா!” அக்கா அழுதேவிட்டாள். அம்மா மசியவில்லை.

தனுஜாவுக்கும் பயம்தான். அக்கா அழுவதை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை. நேர்ந்த முடிச்சைக் கோயிலில்தான் அவிழ்க்க வேண்டும். அதனால் சோதித்துப் பார்க்கத் தகர டப்பாவிலிருந்து வேறு சில்லறையை எடுத்து வந்தாள்.

வெள்ளி நிறத்தில் பழைய இருபது சென் காசு ஒன்று. சுவரில் வைத்தாள். விழுந்தது. அடுத்து, செம்பு நிறத்தில் ஒரு சென் காசு.

விழவில்லை!

ஆணியும் இல்லை, பசையும் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ பிடித்திருப்பதுபோல் காசு வெறும் பலகையில் நின்றது.

ஓடிவிடலாமா என்று கால் பரபரத்தது. ஓடாமல், காசைப் பிய்த்து ஜன்னலருகே கொண்டுபோனாள். விளிம்பில் செம்புப் பூச்சு தேய்ந்து, உள்ளே துரு தெரிந்தது.

“செம்பு எங்க துருப்பிடிக்கும்? உள்ள இரும்புல்ல இருக்கு!” என்று முணுமுணுத்தாள்.

அப்படியானால் அதை இழுப்பது எது? லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்கு ஒரே பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் வாசு மாமா வீடு. மழையில் நனைந்துகொண்டே ஓடினாள்.

அங்கே சுவரில், பெட்டியில்லாத ஒரு பழைய ஸ்பீக்கர் தொங்கியது. அதன் முதுகில் தோசைக்கல் கனத்துக்கு ஒரு காந்தம்!

“திருவிழாவுக்கு ரிப்பேர் பண்ண நேத்துத்தான் மாட்டினேன்,” என்ற வாசு மாமா, விஷயம் தெரிந்ததும் சிரித்தார். “இதுக்கா உங்கம்மா பயந்துச்சு?”

“சிரிக்காதீங்க மாமா. அம்மா பாவம். நான் சொன்னதும் அதக் கழட்டுங்க, போதும்.”

வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் காசின் துருவைக் காட்டினாள். காந்தத்தைப் பற்றியும் சொன்னாள். பிறகு சுவரைத் தட்டினாள்.

“கழட்டுங்க மாமா!”

முடிச்சு சுவரை விட்டது. இரண்டு தரம் ஆடி, நேராக நின்றது.

அம்மா முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். “சாமி ஒண்ணும் பிடிக்கல. நான்தான் பிடிச்சிக்கிட்டு இருந்தேன்,” என்று கண்ணைத் துடைத்தார். “இவ இல்லாத வீட்ட நெனச்சாலே பயமா இருக்குடி.”

“நான் இருக்கேன்லம்மா!”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று கடிகாரத்தைப் பார்த்துப் பதறினார்.

“ஏ நித்தியா, மூணு மணியாச்சு! இன்னும் என்ன நின்னுக்கிட்டு இருக்க? பஸ்ஸ விட்ருவ!”

சொல்லிவிட்டு, பெரிய பையை அம்மாவே தூக்கிக்கொண்டு மழையில் முன்னால் நடந்தார்.