வெள்ளைச் சட்டை அரிக்கிறது!

செல்போன் அலறியது.

காலை எட்டரை மணி. ஆரியசாலைக் கடைத்தெருவில் மூட்டை இறக்கும் சத்தத்தையும் மீறி அலறியது.

பெயிண்டர் தங்கையன் ஈரக் கையைத் துடைத்துவிட்டு எடுத்தார். தெரியாத நம்பர்.

"ஹலோ... பைபர் தூள் மேல பட்டு அரிச்சா என்ன செய்யணும்?"

பெண் குரல். கிசுகிசுப்பு. நடுக்கம்.

யார், என்ன என்று தங்கையன் கேட்கவில்லை. வேதனையில் இருப்பவரிடம் முதலில் மருந்தைச் சொல்ல வேண்டும். விசாரணை அப்புறம். அது அவர் பழக்கம்.

"சொறியாதீங்கம்மா. சுடுதண்ணி மட்டும் கூடவே கூடாது, தூள் உள்ள எறங்கிரும். பிரவுன் டேப்பை ஒட்டி ஒட்டி உரிங்க. பொறவு பச்சத்தண்ணியில கழுவுங்க. கர்த்தர் கிருபையால சாயங்காலத்துக்குள்ள சரியாவும்."

"நீங்க நல்லா இருப்பீங்க..."

டொக்!

தங்கையன் வேலைக்குத் திரும்பினார்.

ஷெட்டுக்குள் நின்றது அந்தக் கார். நாற்பது வயதான பைபர் பாடி கார்; தகரமில்லை, கண்ணாடி இழை. காலமான மொத்த வியாபாரி வேலப்பன் ஆசை ஆசையாக ஓட்டியது. அவர் மகன் விஜய்குமார் அதற்குச் சிவப்பு அடித்து, கொச்சியில் நடக்கும் பழைய கார் கண்காட்சிக்குக் கொண்டுபோகத் துடித்துக்கொண்டிருந்தார்.

தகரக் கார் போல ரிமூவர் ஊற்றிச் சுரண்ட முடியாது. பெயிண்டோடு பாடியும் கெட்டுவிடும். அதனால் ஒன்பது நாளாகத் தண்ணீர் தொட்டுத் தொட்டு, உப்புத்தாளால் கையாலேயே தேய்த்துக்கொண்டிருந்தார் தங்கையன்.

இன்று கதவுகள். இடது கதவின் உள் அட்டையைக் கழற்றினார்.

கை அப்படியே நின்றது.

உள்ளே, பைபரில், டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு சதுர ஓட்டை... புதிதாக அறுத்தது. கீழே வெள்ளைத் தூள். தூளுக்கு நடுவே அவருடைய ஆக்ஸா ரம்ப பிளேடு!

மறைக்கத் தெரியாத மனிதர். உடனே விஜய்குமாருக்குப் போன் போட்டார்.

இருபதே நிமிடம்... விஜய்குமார் வந்தார். போலீஸ் ஜீப்பில்!

"மாலை எங்க ஓய்?" வெள்ளைச் சட்டையும் சிவந்த கண்ணுமாகப் பாய்ந்தார்.

"எந்த மாலை, மொதலாளி?"

கூட வந்த பெண் சப் இன்ஸ்பெக்டர் ஷிஜி, மலையாளம் கலந்த தமிழில் விளக்கினார். திருடனுக்குப் பயந்த வேலப்பன், மனைவியின் காசுமாலையைக் கதவுக்குள் வைத்துப் பைபரால் பூசி மூடியிருந்தாராம். விஷயம் மகனுக்கும் மனைவிக்கும் மட்டுமே தெரியுமாம். பெயிண்ட் அடிக்கும் முன் வெளியே எடுப்பதாக இருந்தாராம் விஜய்குமார். ஆனால் தேய்க்கிற கைக்கு, கதவைத் தட்டினாலே உள்ளே இருப்பது தெரிந்துவிடாதா? ஷெட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று வீட்டில். ஒன்று தங்கையனிடம்.

தங்கையன் நேற்று மதியமே ஷெட்டைப் பூட்டிக் கிளம்பியிருந்தார். மகளுக்குச் சேலை எடுக்க. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நிச்சயதார்த்தம். அதைச் சொல்லிப் பார்த்தார்.

"பாக்கி ஸ்டேஷன்ல பேசலாம், சேட்டா. ஜீப்பில் கேறு."

எதிர்சாரிப் பலசரக்குக் கடை வாசலில் மாப்பிள்ளையின் சித்தப்பா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த ஜீப்பில் ஏறினால்... ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மாப்பிள்ளை வரமாட்டான்!

தங்கையன் கண்ணை மூடினார். அரை நிமிடம் ஜெபம். திறந்தார்.

எதிரே விஜய்குமார் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். அப்புறம் இடுப்பை. மறுபடி கழுத்தை.

"மொதலாளி... அரிக்குதா?"

"காலையிலேர்ந்து உயிரு போவுது! சுடுதண்ணியில ரெண்டு தடவ குளிச்சாச்சு."

தன்னைத் திருடன் என்றவர்தான். ஆனாலும் தங்கையன் டேப்பைக் கிழித்தார். அந்தக் கழுத்தில் மெல்ல ஒட்டி உரித்தார். வெயிலில் பிடித்தார்.

டேப்பில் மயிரிழை மயிரிழையாக ஏதோ மின்னியது.

ஷிஜியின் கண்கள் சுருங்கின.

"இது பைபரல்லே? காரைத் தொட்டதே இல்லேன்னு சொன்னீங்களே, சாரே?"

"தொடவே இல்ல மேடம்... எங்கம்மை சத்தியமா!"

"ஜீப்பில் கேறு."

தங்கையன் தப்பித்தார். இனி வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும்.

நிற்க முடியவில்லை.

"மேடம், ஒரு நிமிஷம். பிளேடு புடிச்சவங்களுக்கு முழங்கை வரைக்கும் தூள் ஏறும். இவரு கை சுத்தமா இருக்கு. காலர் உரசுற எடம், பெல்ட் இறுக்குற எடம்... ரெண்டும்தான் அரிக்குது. இது சட்டையில வந்த தூளாக்கும். தூள் பட்ட வேற துணியோட இவரு சட்டையும் வாஷிங் மெஷின்ல சேந்து கறங்கியிருக்கு."

"அப்போ அறுத்தது வீட்டிலுள்ள ஆளோ? ஆருன்னு தெரியுமா?"

தங்கையனுக்குச் சட்டென்று உறைத்தது. காலையில் வந்த போன்!

சட்டைப் பையைத் தொட்டார். அந்த நம்பர் உள்ளேதான் இருக்கிறது. ஆனால் மருந்து கேட்டு வந்த குரலைக் காட்டிக்கொடுப்பதா? கையை எடுத்துக்கொண்டார்.

அதற்கு அவசியமும் வரவில்லை.

ஜீப்பை ஒட்டி ஓர் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவள் கோமதியம்மாள். விஜய்குமாரின் அம்மா. இரண்டு கைகளிலும், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பிரவுன் டேப்...

கழுத்தில் காசுமாலை!

"அம்மா! நீங்களா..."

"நான்தாம்லே. காருக்குத் தோல் சீட்டு போட அம்மைக்க மாலைய விக்கப் பாத்தியே... அதான் நேத்து மத்தியானம் வீட்டுச் சாவியக் கொண்டு வந்து அறுத்து எடுத்தேன். எனக்குள்ளத நான் எடுத்தேன். அதுக்குப் போலீசா?"

அவள் தங்கையன் பக்கம் திரும்பினாள். குரல் தழைந்தது.

"ஆருன்னுகூட கேக்காம மருந்து சொன்னீங்க. அந்த மனுஷனையா ஜீப்புல ஏத்துவாங்கன்னு வீட்ல இருப்புக் கொள்ளல. மன்னிச்சிருங்க."

விஜய்குமார் தலை நிமிரவில்லை. தங்கையனின் கையைப் பற்றிக்கொண்டு, சிவப்பு அடித்ததும் இந்தக் காரில்தான் கல்யாணப் பெண் சர்ச்சுக்குப் போகவேண்டும் என்று முணுமுணுத்தார். எதிர்சாரியில் சித்தப்பா நிம்மதியாகக் கடைக்குள் போனார்.

ஷிஜி தொப்பியைக் கழற்றிப் பெருமூச்சு விட்டார்.

"அப்போ ஜீப் காலியா திரும்பணுமோ?"

"எதுக்கு மேடம்? இவனக் கொண்டு போங்க," என்றாள் கோமதியம்மாள். "வீட்டுல இருந்தா சுடுதண்ணியிலயே குளிப்பான். ஸ்டேஷன்ல பச்சத்தண்ணிதான கெடைக்கும்?"