றம்ஸியாவின் போத்தல்

திருகோணமலையிலிருந்து நஜ்முன் நிஸா ரீச்சர் இரவல் வாங்கி வந்த நுணுக்குக்காட்டி, பின்னேர லோஞ்சுப் படகில் திரும்பிப் போக வேண்டும். அதற்குள் தன் போத்தலில் என்ன இருக்கிறதென்று றம்ஸியாவுக்குப் பார்த்தாக வேண்டும்.

நேற்று அவளும் பரீனாவும் கரையோரம் ஒரே கல்லில் படிந்திருந்த பழுப்பு வழுவழுப்பைச் சுரண்டி, கடல்தண்ணீரோடு ஆளுக்கொரு போத்தலில் எடுத்திருந்தார்கள்.

"இதுவும் பாசிதான். வெறுங்கண்ணுக்குத் தெரியாத பாசி," என்றார் ரீச்சர்.

நுணுக்குக்காட்டியின் கீழே பரீனாவின் துளிக்குள் ஒரு திருவிழாவே நடந்தது. வள்ளம் போல நீண்டவை, வட்டமானவை, சங்கிலியாய்க் கோத்தவை. சில மெல்ல நகர்ந்தன.

றம்ஸியாவின் துளியில் எல்லாம் வெளுத்துக் கிடந்தன. ஒன்றும் அசையவில்லை.

"உன்ட பாசிக்கு நித்திரையாக்கும்!" என்றாள் பரீனா. வகுப்பே சிரித்தது.

றம்ஸியாவுக்குக் காது சுட்டது. அழுகை வந்தது. அதன் பின்னாலேயே ஒரு கேள்வியும் வந்தது. ஒரே கல், ஒரே தண்ணீர். பிறகு ஏன்?

போத்தலை மோந்து பார்த்தாள்.

"ரீச்சர், இது மண்ணெண்ணெய் வாங்குற போத்தல். மூணு தரம் கழுவினனான்!"

"மணம் இன்னும் போகேல்லையே, புள்ள."

இத்தனூண்டு எண்ணெய்க்கே இப்படியா? லோஞ்ச் ஓட்டும் ஸெய்னுதீன் மாமா எஞ்சினின் பழைய எண்ணெயைத் துறையடியில்தான் ஊற்றுவார். தண்ணீர்மேல் நிறம் நிறமாய் விரியும். அது அழகு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

ஓடிப்போய்த் துறையடிக் கல்லையும் சுரண்டி வந்தாள். இம்முறை தேங்காய்ச் சிரட்டையில். அந்தத் துளியில் ஒரே ஒரு வகைதான், அதுவும் அங்கொன்று இங்கொன்று.

லோஞ்ச் வந்தது. மாமா எண்ணெய்த் தகரத்தைத் தூக்கினார்.

"ஊத்தாதீங்க மாமா! ஒருக்கா வந்து பாருங்க!"

"நேரமாச்சு, மகள். லோஞ்ச் போகணும்."

"நீங்க பார்க்காம நுணுக்குக்காட்டி லோஞ்சில ஏறாது!"

மாமா தகரத்தோடேயே வந்து, முதலில் பரீனாவின் துளியைப் பார்த்தார். "அட, எங்கட வள்ளம் மாதிரி!" பிறகு துறையடித் துளியைப் பார்த்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"மத்த ஆக்களெல்லாம் எங்க?"

மாமா தன் கையிலிருந்த தகரத்தைப் பார்த்தார்.

"எங்கட வீட்டு வேலிக்கட்டையெல்லாம் கறையான். இதப் பூசினாப் போச்சு. மூடி ஒண்டு தேடித் தாங்க."

லோஞ்ச் புறப்பட்டது. தண்ணீர்மேல் புதிதாய் ஒரு நிறமும் விரியவில்லை.

நுணுக்குக்காட்டி மறுபடி வரும்போது அதே துறையடிக் கல்லைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். றம்ஸியா சிரட்டையைப் பத்திரமாய் எடுத்து வைத்தாள், மண்ணெண்ணெய்ப் போத்தலுக்கு வெகுதூரத்தில்.